படகு திரும்பிய பின்: கம்பியில்லா வலையமைப்பு நூல்கள் பற்றிச் சில கருத்துகள்

கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவற்றை மட்டுமே இலக்கியமெனக் கொண்டு, தொழில் கற்பிக்கும் நூல்களைத் திறனாய்வாளனின் பார்வைக்குப் புறம்பானவையென ஒதுக்கிவைக்கும் மனோபாவம் எம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. முற்போக்கு இலக்கியம் பேசுவோரும் இதற்கு விலக்கல்லர். உழைப்பாளியைப் பற்றி எழுதப்பட்ட கதையைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறோம். உழைப்பைக் கற்றுத்தரும் உரைநடையைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆயினும் ஒரு மொழியின் உரைநடை வலிமை பெறுவது அதிற் கதைகள் எழுதப்படுவதால் மட்டுமன்று. அம்மொழியில் எழுதியதைப் படித்து ஒருவர் பழுதுபட்ட பொறியொன்றைத் திருத்த முடியுமா என்பதையும் பொறுத்ததாகும். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய நூல்களுள் ஒரு சிறு பிரிவினை: கணினிச் சேர்வர்களையும் கம்பியில்லா வலையமைப்புகளையும், குளிரூட்டிய அலுவலகங்களிலன்றி, வெளிக்களத்தில் நிறுவக் கற்பிக்கும் எழுத்துகளை. எமது களம் யாழ்ப்பாணத்துத் தீவகம்.

சேர்வர் என்பது பலர் கேட்பதைத் தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கும் கணினி. அது மாளிகையளவான கட்டடத்திலும் இருக்கலாம். உள்ளங்கையளவான பலகையிலும் அடங்கலாம். 2012ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் மலிவு விலைக் கணினிக்குப் பின்னர், இந்த இரண்டாவது வகை வறிய பாடசாலைக்கும் எட்டக்கூடியதாயிற்று. அதனோடு ஒரு ரவுட்டரும் அன்ரனாவும் பற்றரியும் சூரியத் தகடும் சேர்ந்தால், வெளியுலகத் தொடர்பு அறுந்த வேளையிலும் ஓர் ஊருக்குள் பாடமும் நூலும் செய்தியும் ஓடக்கூடிய வலையொன்று உருவாகும். இதனை நிறுவுவதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. கற்பதற்கு ஒரு வழி வேண்டும்.

தீவகத்தின் நிலையை அறியாத வாசகர்க்குச் சில சொற்கள். பண்ணைப் பாலம் வழியே வேலணைத் தீவுக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. ஊர்காவற்றுறைக்குப் பஸ் செல்லும். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையோடு தரை முடிந்துவிடுகிறது. அப்பாலுள்ள நயினாதீவும் நெடுந்தீவும் படகை நம்பியவை. நயினாதீவு கண்ணுக்கெட்டும் தூரத்தில் உள்ளது. நெடுந்தீவோ ஏறக்குறைய 10 கிலோமீற்றர். சுமார் ஒரு மணி நேரப் பயணம். காற்று எழும் காலங்களில் அதுவும் நிச்சயமில்லை. நெடுந்தீவில் குடியேற்ற ஆட்சிக்காலத்துப் புறாக்கூடொன்று இன்றும் நிற்கிறது. தூதுப் புறாக்களை வளர்த்து யாழ்ப்பாணத்தோடு செய்தி பரிமாறிக்கொள்வதற்கென அது கட்டப்பட்டதாக ஊரார் சொல்வர். அவ்வாறாயின் தீவகத்தின் முதலாவது கம்பியில்லாத் தொடர்பு அதுவே. பறந்தது ஆட்சியாளரின் செய்தி. ஊராரின் செய்தி வழமைபோல் வள்ளத்திற் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் தீவொன்றிலுள்ள பாடசாலைக்கு நாம் சென்றிருந்தோம். வெளிநாட்டிலுள்ள ஊர்ச்சங்கமொன்றின் பணத்தில் அங்கே ஒரு சேர்வரும், கூரைமேல் அன்ரனாவும், வகுப்பறைகளில் ரவுட்டர்களும் பூட்டப்பட்டிருந்தன. திறப்புவிழாப் பெயர்ப்பலகை பளபளப்புக் குன்றாது இருந்தது. சேர்வரோ பூப்போட்ட துணியொன்றால் மூடப்பட்டிருந்தது. பொறுப்பாயிருந்த இளம் ஆசிரியையிடம் காரணம் கேட்டோம். "மாரியோட நின்று போச்சு, சேர். பாஸ்வேர்ட் பூட்டினவையளுக்குத்தான் தெரியும்" என்றார். பூட்டினவர்கள் கொழும்பிலிருந்து வந்து, இரண்டு நாள் தங்கி, மாலைப் படகில் திரும்பியவர்கள். கூரையில் ஏறிப் பார்த்தோம். அன்ரனாவுக்குச் செல்லும் வயரின் முனையில் உப்புப் பூத்து, செப்பு பச்சை படர்ந்து தின்னப்பட்டிருந்தது. அவ்வளவே பழுது. முனையை வெட்டிப் புதியதைப் பொருத்தச் சில நூறு ரூபா போதும். அதற்கு வேண்டிய கருவி அந்த ஆசிரியையிடம் இருக்கவில்லை என்பது உண்மை. அதனினும் பெரிய குறை, பழுது அங்கேதான் இருக்கக்கூடும் என்று ஐயுறுவதற்கு எவரும் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை. ஒரு கைந்நூல் மட்டும் இருந்தது. ரவுட்டரோடு பெட்டியில் வந்தது. பல மொழிகளில் அபாய எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். தமிழ் அவற்றுள் இல்லை.

இவ்வகை நூல்களை மதிப்பிடுவதற்கு அந்தக் கூரையையே உரைகல்லாகக் கொள்கிறோம். நிறுவியவர் படகேறிய பின்னர், எஞ்சியிருப்பவரின் கையில் நூல் என்ன செய்கிறது?

வெளிக்கள வலையமைப்புப் பற்றி உலகிற் பரவலாகப் படிக்கப்பட்ட நூல்களுள் முதன்மையானது, 'வளர்முக நாடுகளில் கம்பியில்லா வலையமைப்பு' எனத் தமிழிற் பெயர் சொல்லத்தக்க ஆங்கில நூலாகும். ரொப் பிளிக்கெங்கர் முதலிய தொண்டர் குழுவொன்று எழுதிய இந்நூலின் முதற்பதிப்பு 2006இலும், இரண்டாம் பதிப்பு 2007இலும், மூன்றாம் பதிப்பு 2013இலும் வெளிவந்தன. எவரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், தம் ஊருக்கேற்பத் திருத்தலாம் என்ற உரிமத்தோடு இலவசமாக அது வழங்கப்பட்டது. பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசம், அரபு முதலிய மொழிகளில் அது வந்துள்ளது. தமிழ்ப் பதிப்பொன்றை நாம் கண்டதில்லை. அறிவை வேலியடைத்து விற்பதே நியதியாகிவிட்ட துறையில், துறை வல்லுநர் பலர் கூடி இவ்வாறு ஒரு நூலைப் பொதுச்சொத்தாக்கியமை பாராட்டுக்குரியது.

நூலின் அமைப்பிலும் ஒரு கருத்து உண்டு. அது பொறியை இயக்கும் கட்டளைகளில் தொடங்குவதில்லை. அலை என்பது யாது, அது எதனால் உறிஞ்சப்படுகிறது, எதிற் பட்டுத் தெறிக்கிறது என்ற பௌதிகத்தில் தொடங்கி, அன்ரனாவுக்கும், சூரிய மின்சாரத்துக்கும், வெயிலிலும் மழையிலும் நிற்கவேண்டிய பெட்டியைச் செய்வதற்கும் செல்கிறது. பழுதுகாணலுக்கும் செலவைத் தாங்குவதற்கும் தனி அதிகாரங்கள் உள்ளன. பழுதுகாணல் அதிகாரம் இயந்திரத்திலன்றி மனிதரில் தொடங்குவது எம்மை மிகவும் கவர்ந்தது. யார் பொறுப்பு, யாருக்கு எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும் என்ற வினாக்களே முதலில் வருகின்றன. பின்னர்தான் செருகு சரியாக உள்ளதா, கடைசியாக எதை மாற்றினோம், நல்லதென ஏற்கெனவே அறிந்த ஒரு பாகத்தை மாற்றிவைத்தால் என்ன நிகழ்கிறது என்ற ஒழுங்கு வருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்னும் அறிவுரை அறிவியல் முறையின் சாரம். எங்கள் உயர்தர வகுப்புகளில் ஓராண்டு பௌதிகம் படித்தும் மாணவர் பெறாத பழக்கம் அது.

ஆயின் இந்நூல் எமது கூரைக்கு வரும்போது இரண்டு இடங்களிற் தடுமாறுகிறது. முதலாவது நிலவியல். நூலிலுள்ள புகழ்பெற்ற நிகழ்வு வெனிசுவேலாவில் ஏர்மானோ பியெத்ரொசெமோலி குழுவினர் 2006இல் 279 கிலோமீற்றர் தூரத்துக்கு அமைத்த தொடர்பு. உயர்ந்த மலையுச்சியொன்றின் துணையோடு அது நிகழ்ந்தது. தீவகத்தில் மலை ஏது? தட்டையான சுண்ணாம்புக் கல், அதன்மேற் பனை, அதற்கப்பாற் கடல். ஆகவே நூல் தரும் சூத்திரத்தை நாமே எம் நிலத்தில் வைத்துப் பார்க்கவேண்டியதாகிறது.

வானொலி அலை நூல்பிடித்தாற்போல் ஒற்றைக் கோட்டிற் செல்வதில்லை. இரு அன்ரனாக்களுக்கும் நடுவே, முனைகள் ஒடுங்கி இடை பருத்த சுருட்டைப் போன்ற ஒரு வெளி அதற்கு வேண்டும். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே 10 கிலோமீற்றர் எனக் கொண்டால், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு அச்சுருட்டின் நடு ஆரம் ஏறக்குறைய 17.7 மீற்றர். அதில் 60 வீதமேனும் தடையின்றி இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி; அதாவது பத்தரை மீற்றருக்குச் சற்று அதிகம். பூமியின் வளைவுக்கு நடுவில் ஒன்றரை மீற்றர் சேர்க்கவேண்டும். ஆகவே இரு கரையிலும் நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 12 மீற்றர் உயரமும், அலைக்கும் பெருக்குக்கும் சற்று மிகையும் வேண்டும். நன்கு வளர்ந்த பனை அதைவிட உயரமானது. எனவே வானளாவும் கோபுரம் வேண்டியதில்லை. அதேவேளை பனங்கூடலுக்குப் பின்னால் அன்ரனாவை வைப்பவர் தோற்றுப்போவார், ஈரமுள்ள ஓலை அலையை உறிஞ்சுமாதலால். ஒரு பத்தியில் அடங்கிய இக்கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவர் வர்க்கமூலம் கண்டு செய்யலாம். எமது பாடநூல் எதிலும் இத்தகைய கணக்கை நாம் பார்த்ததில்லை. வர்க்கமூலம் எங்கும் இருக்கிறது, பனை இல்லை.

இரண்டாவது தடுமாற்றம் நுண்ணியது. அந்நூல் தன் வாசகராக மனத்திற் கொண்டவர், ஓர் ஊருக்கு வலையமைப்பைக் கொண்டுசெல்லும் திட்டக்காரர் என்றே எமக்குத் தோன்றுகிறது. நல்லெண்ணம் மிக்கவர், ஊராரை மதிப்பவர், எனினும் வந்து செல்பவர். ஊரில் இருந்துகொண்டே, பிறர் பூட்டிச் சென்றதை நாள்தோறும் எதிர்கொள்பவரின் குரல் அதில் மெலிந்தே ஒலிக்கிறது.

அந்தக் குரல் எவ்வளவு முக்கியமானது என்பதைத் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்து அனுபவம் காட்டுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும் சுற்றியுள்ள கிராமக் கண் பராமரிப்பு நிலையங்களையும் நீண்டதூரக் கம்பியில்லாத் தொடர்பால் இணைக்கும் பணியை அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர் சென்ற இருபதாண்டுக் காலத்தின் முற்பகுதியில் மேற்கொண்டனர். கிராமத்து நிலையத்திலிருந்து நோயாளர் தேனியிலுள்ள மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண ரவுட்டர் ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற மறுமொழிக்குக் காத்திருக்கும். தூரம் கூடும்போது அக்காத்திருப்பே தொடர்பைக் குலைத்துவிடும். முறைவைத்துப் பேசும் வேறொரு ஒழுங்கினை ஆய்வாளர் வகுத்தனர். 2007இல் அதனைப் பற்றிய ஆய்வுரை வெளியாயிற்று.

எனினும் எம்மை ஈர்ப்பது 2008இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வுரை. முன்னையது பொறியியல் வெற்றி. பின்னையது ஒருவகைத் தன்விமர்சனம். வலையமைப்பை அமைப்பதைவிட அதனை உயிரோடு வைத்திருப்பதே கடினம் என்பதை அவர்கள் மறைக்காமல் எழுதினர். பழுதுகளில் மிகப்பெரும்பாலானவை அலையாலோ கணினி மொழியாலோ வந்தவையல்ல. தரங்கெட்ட மின்சாரத்தால் வந்தவை. மின்னழுத்தம் திடீரென எகிறிக் கருவிகளைப் பொசுக்கியது. தாழ்ந்தபோது ரவுட்டர் சாகாமலும் பிழைக்காமலும் மயங்கிக் கிடந்தது. முறையின்றி மின்சாரம் நின்றபோது நினைவட்டையிலுள்ள பதிவுகள் சிதைந்தன. நிலையத்திலிருந்த உள்ளூர் ஊழியர்க்கு எது பழுது என்று பிரித்தறிய வழியிருக்கவில்லை. ஆகவே கருவியையும் பயிற்சியையும் உள்ளூர் ஊழியரின் கைக்கேற்ப மாற்றியமைக்க நேர்ந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர் தமது தோல்விகளை இவ்வாறு எண்ணி எழுதிய நூல்கள் அரிது. எம்மூர்த் திட்ட அறிக்கைகளிற் தோல்வி என்ற சொல்லே இடம்பெறுவதில்லை.

மின்சாரம் என்றதும் தீவகத்து வாசகர் புன்னகைப்பர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரியன், பற்றரி, டீசல் ஆகியவற்றை இணைக்கும் மின்திட்டமொன்று 2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் சீனத் தரப்பு, மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணங்காட்டி வேலை இடைநிறுத்தப்பட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு உடன்பாடு எழுதப்பட்டு, 2024 மார்ச் 1இல் இந்திய நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாற் சூரிய மின்சாரம், 530 கிலோவாற் காற்று மின்சாரம் என்று கணக்குச் சொல்லப்பட்டது. இரு பெரும் அரசுகள் யாருடைய பொறி என்பதற்காக மூன்றாண்டு வாதாடின. அப்பொறியின் நட்டு கறள் பிடித்தால் முறுக்கப்போவது எந்தத் தீவுப் பிள்ளை, அப்பிள்ளை எங்கே எந்த மொழியிற் கற்கும் என்ற வினா அவ்வாதத்தில் எழுந்ததாக நாம் வாசிக்கவில்லை.

இனித் தமிழ் எழுத்துகளுக்கு வருவோம். இத்துறையில் எதுவும் இல்லையென்று சொல்வது நன்றிகேடு. 2012இல் தொடங்கப்பட்ட 'கணியம்' இணைய இதழும், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்களும், கட்டற்ற மென்பொருளைத் தமிழ் வாசகரின் வாசலுக்குக் கொண்டுவந்தன. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கட்டளைகளை அஞ்சாமல் விசைப்பலகையில் அடித்துப் பார்க்கும் துணிவை ஆங்கிலம் குறைந்த மாணவர்க்கு அவை தந்துள்ளன. அவ்வுரைநடையில் மேட்டிமை இல்லை. பக்கத்திலிருந்து சொல்லித்தரும் தொனி உண்டு. எமது குறை வேறு. மின்சாரம் நிற்காது, வயர் அறாது, இணையம் வரும் என்ற உலகத்தை இந்நூல்கள் எடுத்துக்கொள்கின்றன. கட்டளையை அடித்தால் இன்ன விடை வரும் என்கின்றன. விடை வராதபோது எங்கே பார்ப்பது என்னும் அதிகாரம் இன்னும் எழுதப்படவேண்டியதாக உள்ளது.

எங்கள் நாட்டு உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தின் நிலை இதனினும் கவலைக்குரியது. வலையமைப்பு அதிற் பாடப்பகுதியாக உண்டு. மாணவர் ஏழு அடுக்குகளை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்புவிக்கின்றனர். முகவரிகளைப் பிரிக்கும் கணக்கில் முழுப் புள்ளியும் பெறுகின்றனர். அவர்களுட் பலர் ஒரு வயரின் முனையை உரித்து எட்டு நிறக் கம்பிகளையும் ஒழுங்காக அடுக்கிப் பொருத்தியதில்லை. குற்றம் மாணவருடையதன்று, ஆசிரியருடையது மட்டுமன்று. பரீட்சைத்தாளிற் கேட்கக்கூடியதே அறிவு என்றாகிவிட்ட கல்வியில் கைக்கு இடமில்லை. கையால் வேலை செய்பவர் தாழ்ந்தவர் என்ற எம் சமுதாயத்தின் பழைய நோய், கணினி வகுப்புக்குள்ளும் காற்சட்டை அணிந்து புகுந்துவிட்டது.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேர்வர் என்பதா, வழங்கி என்பதா? ரவுட்டரா, வழிப்படுத்தியா? இவ்வாதங்கள் பயனற்றவையல்ல, ஆனால் இவற்றிலேயே எம் ஆற்றலிற் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. இதே யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தை முழுமையாகத் தமிழிற் கற்பித்ததை நினைவுகூர்தல் தகும். இரண வைத்தியம் 1867இலும் கெமிஸ்தம் 1875இலும் தமிழில் அச்சேறின. 'கெமிஸ்தம்' என்ற பெயரையே பாருங்கள்: பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு வளைத்துக்கொண்டு மேலே நடந்துவிட்டார். அவர் மதப்பணிக்கு வந்தவர் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் தமிழிற் கற்பித்ததற்கு அவர் கண்ட காரணம் இன்று எமக்குப் பாடமாகிறது. ஆங்கிலத்திற் பயின்றவர் சம்பளம் தேடி வெளியூர் சென்றுவிடுவர். தமிழிற் பயின்றவர் தம் ஊரில் தங்கி வைத்தியம் செய்வர் என்பதே அவரது எண்ணம். அவரிடம் அறுபதுக்கு மேற்பட்டோர் மருத்துவம் பயின்றனர். மனித உடலின் பழுதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் தமிழில் விளக்க முடிந்த இடத்தில், ரவுட்டரின் பழுதை விளக்க மொழி போதாது என்று சொல்பவர் மொழியைப் பற்றிப் பேசவில்லை; தம் சோம்பலைப் பற்றியே பேசுகிறார்.

இங்கு நண்பர் சிலர் குறுக்கிடுவர். தீவுகளிற் கைப்பேசிக் கோபுரங்கள் வந்துவிட்டன. 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்கின் விண்கோள் இணையமும் இலங்கையிற் கிடைக்கிறது. இனி ஊரார் சேர்வரும் அன்ரனாவும் கற்பானேன்? இவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. அவசர நோயாளிக்காகப் படகு தேடும் குடும்பத்துக்குக் கைப்பேசி வரப்பிரசாதம். ஆனால் மாதந்தோறும் கட்டணம் கேட்கும் தொடர்பு, கட்டணம் நின்ற நாளில் நிற்கும், உரிமையாளர் கடல்கடந்து இருக்கிறார், திறவுகோலும் அவரிடமே. தீவகத்துக்கு இது புதிய வினாவன்று. நன்னீர் அரிதான புங்குடுதீவில், ஒடுக்கப்பட்ட மக்களும் கோயிற் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் மு. தளையசிங்கம் முதலியோர் சத்தியாக்கிரகம் செய்தனர். தளையசிங்கத்தின் மெய்யியலோடு எமக்கு வேறுபாடு உண்டு. அதனை வேறோரிடத்தில் விவாதிக்கலாம். கிணறு இருக்கிறதா என்பதோடு வினா முடிவதில்லை, கயிறு யார் கையில் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

புதுச்சேரிக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவற் கிராமத் திட்டத்தை இங்கே ஒப்புநோக்கலாம். வில்லியனூரை மையமாகக் கொண்டு, இருவழி வானொலிக் கருவிகளால் ஊர்கள் இணைக்கப்பட்டன. நிலையங்களை நடத்தியவர் அவ்வூர்த் தொண்டரே. வீராம்பட்டினத்து மீனவர்க்கு அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிடும் அலையுயரக் கணிப்பு எடுக்கப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கியிற் சொல்லப்பட்டது. வலையமைப்பின் கடைசிக் கண்ணி கணினியன்று, கடற்கரை ஒலிபெருக்கி என்பதைக் கவனிக்கவேண்டும். 2004 டிசெம்பர் 26இல் நல்லவாடு என்னும் மீனவ ஊரில், முன்னர் அந்நிலையத்தில் தொண்டராயிருந்து சிங்கப்பூர் சென்றிருந்த இளைஞரொருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் நிலையத்தின் கதவை உடைத்து உட்புகுந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டோடி உயிர் தப்பினர். கருவி தம்முடையது என்ற எண்ணம் இருந்தபடியாற்றான் கதவை உடைக்கத் துணிந்தார்கள். எமது பாடசாலை ஆசிரியை பூப்போட்ட துணியைக்கூட விலக்கத் தயங்கினார்.

தீவுப் பாடசாலையொன்றின் சேர்வரில் எதனை வைப்பது என்பதற்கும் விடை தேடி அலையவேண்டியதில்லை. 1981இல், மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் சாம்பராயின. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. அதிலிருந்து பாடசாலைக்கு வேண்டிய தொகுதியொன்றும், கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளில் அடங்கும் தமிழ் விக்கிப்பீடியாவும், பழைய பரீட்சைத்தாள்களும் ஒரு சிறு கணினியிற் கொள்ளும். மாணவர் தம் கைப்பேசியால் வாசிக்கலாம். தரவுக் கட்டணம் இல்லை. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளிலும் வாசிக்கலாம். ஒரே கட்டடத்தில் வைத்திருந்ததை ஒரே இரவிற் கொளுத்த முடிந்தது. ஏழு தீவிலும் ஏழு படி இருக்குமானால் அது அத்துணை எளிதன்று.

ஆகவே எழுதப்படவேண்டிய தமிழ்நூல் எத்தகையது? அது தடித்த நூலாக இருக்கவேண்டியதில்லை. பழுதிலிருந்து தொடங்கவேண்டும். விளக்கு எரிகிறதா என்று முதலிற் பார். எரியாவிடின் கூரையில் ஏறாதே, பற்றரிக்குப் போ என்று சொல்லவேண்டும். வயரைச் சுவருக்குள் நுழைக்குமுன் கீழ்நோக்கி ஒரு தொய்வு விடாவிட்டால் மழைநீர் வயர்வழியே பெட்டிக்குள் இறங்கும் என்பதைப் படத்தோடு காட்டவேண்டும். முனைகளை இறப்பர் நாடாவால் இறுகச் சுற்றவும், மாரிக்கு முன்னொருமுறையும் பின்னொருமுறையும் பிரித்துப் பார்க்கவும் நாள் குறிக்கவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அன்ரனாவின் திசை எவ்வளவு அசைகிறது என்பதை, கொழும்பிலிருந்து வந்தவரிடமன்றி, கூரை வேய்பவரிடமும் வள்ளத்தில் பாய் கட்டுபவரிடமும் கேட்டு எழுதவேண்டும். பாஸ்வேர்டைக் கடிதவுறையில் இட்டு அதிபரின் அலுமாரியிற் பூட்டிவைப்பது முதலாம் அதிகாரத்திலேயே வரவேண்டும்.

அத்தகைய நூலை ஓர் ஆசிரியர் தனித்திருந்து எழுத முடியாதென்றே கருதுகிறோம். அந்தப் பாடசாலையில் இப்போது 80 பக்க அப்பியாசக் கொப்பியொன்று சேர்வருக்குப் பக்கத்தில் நூலிற் கட்டித் தொங்குகிறது. எது நின்றது, எதைப் பார்த்தோம், எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்று நான்கு நிரல்கள் கோடிட்டிருக்கின்றன. துணி அகற்றப்பட்டுவிட்டது. முதற்பக்கத்து முதற்பதிவு அந்த ஆசிரியையின் கையெழுத்தில், வயரின் முனை உப்பரித்தது பற்றியது. பதினோராவது பதிவு பத்தாம் வகுப்பு மாணவியொருத்தியுடையது. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்ததாம்; மின்னை நிறுத்திவிட்டுத் தூரிகையாற் துடைத்தாளாம்; விளக்கு மூன்றும் எரிந்தனவாம். அதன்கீழே வேறொரு கையெழுத்தில், எறும்பு எந்த வழியாக வந்தது என்று ஒரு வினா எழுதப்பட்டிருக்கிறது. விடைக்கு இன்னும் இடம் விடப்பட்டுள்ளது.